தாய்க் கரைசல்

பிப்பெட் குழாயின் நுனியைத் துடைக்காமல் யாராவது கரைசலை விடுவதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்கு முழுக்கத் தலை வலிக்கும். ஆய்வகத்தில் என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்வதற்கு அதுதான் காரணம். வேறு எந்த விஷயத்துக்கும் நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள் ஐயா, எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

உங்கள் விசாரணை அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் பக்கத்தில் ‘கரைசல் தயாரித்தவரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது. அது தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் வையுங்கள். நீளமாகப் பேச வேண்டியிருக்கும்.

எங்கள் ஆய்வகம் மருத்துவமனையின் பின்பக்கம், சலவை அறையை ஒட்டி இரண்டு அறைகள். நோயாளியின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. லித்தியம் என்று ஓர் உப்பு இருக்கிறது. மனம் ஒரேயடியாக உச்சிக்கு ஏறி, ஒரேயடியாகப் பள்ளத்தில் விழுகிறவர்களுக்குக் கொடுப்பது. குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் நஞ்சு. இரத்தத்தில் புள்ளி ஆறிலிருந்து ஒன்று வரை இருந்தால் நல்லது. ஒன்றரையைத் தாண்டினால் கை நடுங்கும், நாக்கு குழறும். இரண்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டால், சில பேருக்கு அந்த நடுக்கம் பிறகு போவதே இல்லை. இது எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

என் தம்பி அந்த மருந்தைப் பதின்மூன்று வருடமாகச் சாப்பிடுகிறான்.

என்னைவிடப் பத்து வயது இளையவன். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்ததும், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். வளர்ந்து பல் செட் செய்கிற வேலையைக் கற்றுக்கொண்டான். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கி மேசையில் வைத்தானென்றால், யார் வாயிலிருந்து விழுந்ததோ என்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். அப்படி ஒரு கை.

இருபத்துநான்கு வயதில் ஒன்பது நாள் தூங்காமல் இருந்தான். பத்தாம் நாள் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி வாசலில் அடுக்கி, இனிமேல் இந்த ஊரில் யாருக்கும் பூட்டு தேவைப்படாது என்று தெருவில் போகிறவர்களை நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தான். நான் கையைப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதிலிருந்து மாத்திரை. எடுத்துக் கொடுப்பது நான். மாதம் ஒருமுறை இரத்தம் எடுப்பது நான், அளப்பதும் நான். எப்போது அளந்தாலும் புள்ளி ஏழு ஐந்து, அதை ஒட்டித்தான் நிற்கும். பதினொரு வருடம் பதிவேட்டில் அவனுடைய பக்கத்தில் என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து கிடையாது.

“எங்க அக்கா பாசத்தைக்கூட நாலு தசமம் வரைக்கும் அளந்துதான் போடுவா,” என்று நண்பர்களிடம் கிண்டல் செய்வான். எனக்கு அதில் பெருமைதான்.

அவன் மனைவியை வேலைக்கு எடுத்ததும் நான்தான். அப்போது அவள் யாரோ. நேர்காணலுக்கு வந்த ஆறு பேரில் அவள் ஒருத்திதான் பிப்பெட்டின் நுனியைத் துடைத்தாள். ஒரே இரத்தத்தை மூன்று முறை அளந்தால், மூன்று எண்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்ததுபோல் இருக்கும். பதினெட்டு வருட அனுபவத்தில் எனக்கு அப்படி வந்ததில்லை. அதை நானே டாக்டரிடம் சொன்னேன். பொறாமைக்காரி இதையெல்லாம் சொல்வாளா, யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல், விடுப்பில் இருந்தேன். அன்றைக்குத் தம்பியின் இரத்தத்தை அவள் எடுத்தாள், மறுநாள் அளந்து கையெழுத்துப் போட்டது நான்தான். அடுத்த மாதம் அவன் மூன்று நாள் முன்னதாகவே வந்து நின்றான். அதற்கடுத்த மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தான். நாங்கள் மாதம் ஒருமுறைதான் இரத்தம் எடுப்போம்.

கல்யாணத்தை நான்தான் நடத்தி வைத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பதினைந்து நிமிட நடை. நான் தினமும் போனேன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு, வருவதற்கு முன் போன் செய்தால் நன்றாக இருக்கும் என்று தம்பி சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மத்தியானத்தில் அவன் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவருவான். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு உண்டு, இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தராசு அறை ஜன்னலில் நின்றால் தெரியும். பதினொரு வருடத்தில் அவன் எனக்கு ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தது கிடையாது. ஒருநாள் அந்த நாலு தசம வேடிக்கையை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது எங்கள் வீட்டு வேடிக்கை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் அவள் என்னிடம் வந்து சொன்னாள், “அக்கா, இனிமே இவரோட சாம்பிளை நானே பாத்துக்கறேன். மாத்திரையும் நான்தானே குடுக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?”

நான் ‘சரிம்மா’ என்றேன். பதிவேட்டைத் திறந்து அவனுடைய பக்கத்தை அவளிடம் நீட்டினேன். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் பதினொரு வருடத்துக்குக் கீழே, ஒரு வரிகூட இடம் விடாமல் தன் பெயரை எழுதினாள்.

பொறாமையா என்று கேட்பீர்கள். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தேடிய பொருள் கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத மாட்டோம். ‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’ என்றுதான் எழுதுவோம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இந்தக் கருவிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி எப்படிச் செய்தேன் என்பது.

எங்கள் கருவிக்குத் தானாக எதுவும் தெரியாது. இரத்தத்தைச் சுடரில் தெளித்தால் சுடர் சிவக்கும். எவ்வளவு சிவப்பு என்பதை மட்டும் அது பார்க்கும். அந்தச் சிவப்புக்கு என்ன எண் என்று நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காக, அளவு தெரிந்த கரைசலை முதலில் காட்டி, ‘இதுதான் ஒன்று’ என்று சொல்லித் தருகிறோம். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர். அந்தக் கரைசல்களையெல்லாம் ஒரே ஒரு கெட்டியான கரைசலிலிருந்து நீர் கலந்து எடுப்போம். அதைத் தாய்க் கரைசல் என்போம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உப்பை எடை போட்டு ஒரு லிட்டர் செய்து வைப்பாள் அவள். பாட்டிலில் அவள் எழுதிய சீட்டு இருக்கும்.

பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைவிட உள்ளே இருப்பது கெட்டியாக இருந்தால், கருவி ஏமாந்துபோகும். அதற்குப் பிறகு யாருடைய இரத்தத்தைக் காட்டினாலும் குறைத்துச் சொல்லும். ஒருவர் இரண்டு பேர் என்றில்லை, எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சொல்லும். அளக்கிறவர்களுக்குக் கை தவறினால் பிழை முன்னே பின்னே சிதறும், ஒன்று கூடும், ஒன்று குறையும். இது அப்படி இல்லை. ஒரே பக்கம் சாய்கிற பிழை. எத்தனை தடவை திரும்ப அளந்தாலும் அதே இடத்தில் போய் நிற்கும். மூன்று எண்களும் ஒன்றாக வந்தால் நுட்பம் நன்றாக இருக்கிறது என்று சொல்வோம். அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை மூன்று எண்களில் ஒன்றும் கேட்காது.

தடுப்பதற்கு ஒரே ஒரு காவல் உண்டு. வெளியிலிருந்து வாங்கும், அளவு தெரிந்த சரிபார்ப்புக் கரைசல். அதை நம் கருவியில் போட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அது வந்துசேரத் தாமதமாகிறது, இனி சரிபார்ப்பையும் நம் தாய்க் கரைசலிலிருந்தே செய்துகொள்வோம் என்று பொறுப்பாளர் என்ற முறையில் ஓர் உத்தரவு எழுதினேன். அவள் உடனே வந்துவிட்டாள்.

“அக்கா, சரி பாக்கறதும் அதே பாட்டில்லேர்ந்துதான்னா, பாட்டிலே தப்பா இருந்தா எப்படித் தெரியும்?”

“பாட்டில் எப்படிம்மா தப்பாகும்? நீதானே செய்யறே.”

அவளுக்குக் கன்னம் சிவந்தது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள். அந்த உத்தரவை நீங்கள் நாலாம் பக்கத்தில் ‘துரதிர்ஷ்டவசமான முடிவு’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். துரதிர்ஷ்டம் இதில் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் அவர்கள் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பாட்டிலில் அதே லித்தியம் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கலக்கினேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஐந்தில் ஒரு பங்குதான். அவள் எண்கள் ஆடுகின்றன என்று டாக்டர் என்னைக் கூப்பிடுவார், நான் போய்ச் சரி செய்வேன், தம்பியின் பக்கம் திரும்ப என் கைக்கு வரும். அவ்வளவுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

தம்பியின் எண் புள்ளி ஆறு என்று வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிடவில்லை. அவள் எண்ணின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்பதற்காகத் திருத்தவும் இல்லை. அடுத்த பாட்டிலில் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எண் திரும்பவும் இறங்கியது, மாத்திரை திரும்பவும் ஏறியது.

ஐந்தாவது மாதம், ஒரு விடுமுறை நாள் காலையில், தம்பி என் வீட்டுக் கதவைத் தட்டினான். அவளுக்கு அன்றைக்கு வேலை. போன் செய்யாமல் வந்திருந்தான்.

“அக்கா, கை நான் சொல்றபடி கேக்க மாட்டேங்குதுக்கா. நேத்து ஒரு பல்லை மூணு தடவை செதுக்கினேன். மூணும் பாழ்.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“ரிப்போர்ட் நார்மல்னு சொல்றார். அவளும் மூணு தடவை போட்டுப் பாத்துட்டா. மூணும் ஒண்ணாத்தான் வருது. நான்தான் ஏதோ மனசைப் போட்டுக் குழப்பிக்கறேனாம்.”

தேநீர் டம்ளரைத் தூக்கினான், பாதி மடியில் சிந்தியது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன், அவன் குடித்தான். பிறகு என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனான். மத்தியானம் வரைக்கும் நான் அசையவில்லை. தோள் மரத்துப்போயிற்று. இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாள் அதுதான். அன்றைக்கு அவனுடைய உண்மையான அளவு ஒன்று புள்ளி ஏழு. மனதிலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன்.

அன்றைக்கு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தினால் அவன் கை சரியாகிவிடும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போய்விடுவான்.

அவள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கருவியைக் கழற்றித் துடைத்தாள். மருந்தே இல்லாத வெற்று நீரை வைத்து அளந்து, பூஜ்யம் பூஜ்யமாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அது எப்போதும் இருக்கும். கடைசியில் கண் கலங்க என்னிடம் வந்தாள். “அக்கா, எனக்கென்னவோ பயமா இருக்கு. இவரோட சாம்பிளை ஒரு தடவை வெளியூர் லேப்புக்கு அனுப்பிப் பாக்கலாமா?”

அவளிடம் நான் ஒத்துக்கொள்ளாத நல்ல யோசனை ஒன்றுகூட இல்லை. அனுப்பினோம். கட்டி அனுப்பியது நான். கட்டுவதற்கு முன் மருந்தில்லாத சாதாரண உப்புநீரைப் பாதிக்குப் பாதி சேர்த்தேன். அங்கிருந்து வந்த எண்ணும் எங்கள் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அவள் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “அப்பாடா,” என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். முதல் தடவையாக.

அறிக்கையில் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர் என்று போட்டிருக்கிறீர்கள். பதினொன்று. இரண்டு பேர் நடுவிலேயே பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், ஏன் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் முகவரி என்னிடம் இருக்கிறது. எல்லாருடைய உண்மையான அளவையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒழுங்காக எழுதி வைக்காத வேலை எனக்குப் பிடிக்காது. எங்களிடம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்த தையல்காரம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். மகள் ஊருக்குப் போன இடத்தில் வாந்தி எடுத்து விழுந்தார். அங்கே அளந்தபோது இரண்டு புள்ளி ஆறு. நாங்கள் இரண்டு நாள் முன்னால் ஒன்று புள்ளி ஒன்று என்று கொடுத்திருந்தோம். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. பதினோராம் நாள் இறந்துவிட்டார். எனக்கு ஒரு ரவிக்கை தைத்துத் தந்திருக்கிறார், தோள் சரியாக உட்காரும். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதே வாரம் தம்பி குளியலறையில் விழுந்தான். மூன்று புள்ளி ஒன்று. இரத்தத்தைச் சுத்திகரித்து உயிரை மீட்டார்கள். உயிர் மட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர்களுக்கு வியர்த்துவிடுகிறது. அந்தக் கை இனி பல் செதுக்காது. நரம்பு டாக்டர் கேட்காமலேயே சொல்லிவிட்டார்.

நீங்கள் வந்தீர்கள், பாட்டிலைச் சோதித்தீர்கள், சீட்டைப் படித்தீர்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே முன்னால் வந்து நின்றுகொண்டாள். “நான்தான் எடை போட்டேன். எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்,” என்று அழுதாள். அவள் போட்ட எடையில் ஒரு குறையும் இல்லை, ஐயா. இருந்ததே இல்லை. அவளுக்கு வேலை போயிற்று, வழக்கும் வரும் என்கிறார்கள். தம்பிக்கென்று என் வீட்டில் கீழறையை ஒழித்து வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன். போர்வையெல்லாம் துவைத்துப் போட்டேன். இந்த நிலையில் அவனை ஆக்கியவளோடு எவன் இருப்பான்?

போன வாரம் அவனைக் கூட்டிவரப் போனேன். அவள் அவனுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி மோவாயில் வழிந்தது. அவன் சிரித்தான். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “என் வீட்டுக்கு வந்துடுப்பா. இவளாலதானே உனக்கு இந்த கதி?” என்றேன்.

அவன் வெகுநேரம் முயன்று சொன்னான். “தப்பு… தானேக்கா. யாருக்கும்… வரும். விடு.”

சொல்லிவிட்டு, நடுங்குகிற அந்தக் கையால் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை பிடித்தான். பிறகு அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து செருப்புப் போட்டதுகூட இரண்டு பேருக்கும் தெரியாது.

அவன் உடம்பில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ, அந்த நடுக்கம், அந்தக் குழறல், ஒவ்வொரு அடிக்கும் சுவரைத் தேடுவது, அத்தனையும் ஆறு மாதம் அணு அணுவாக நான் செய்தது. அவள் ஒரு நிமிடக் கவனக்குறைவு என்று சொல்லி அதையும் தன் பேரில் எழுதிக்கொண்டாள். அதற்கு மன்னிப்பும் வாங்கிக்கொண்டாள். அந்த மன்னிப்பு அவளுக்குச் சேர வேண்டியது இல்லை.

அதனால்தான் வந்தேன். உப்பைப் போட்டவள் நான். உத்தரவை எழுதியவள் நான். வெளியூருக்குப் போன இரத்தத்தில் உப்புநீர் கலந்தவளும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன். என்னை எங்கே வைத்தாலும் சரி.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவனிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், இப்போதெல்லாம் அவனுக்குப் புரிய நேரம் பிடிக்கிறது. அவள் இல்லை, அக்காதான் என்று சொல்லுங்கள். அவன் திட்டுவான், சபிப்பான். என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். அவளை மட்டும் அப்போது வெளியே அனுப்பிவிடுங்கள். அவன் என்னை நினைக்கிற நேரத்தில் அவள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.